தங்கவேல் அண்ணன் பெயருக்கு மேல் ஒரு பல்பு

போன மாதம் போடியில் ஒரு தொழில்நுட்பப் புரட்சியை நேரில் பார்த்தேன். கையிலிருந்த காபி ஆறுவதற்குள் அது முடிந்துவிட்டது.

புரட்சி செய்தவன் முருகேசன். மதுரைப் பக்கம் ஒரு கல்லூரியில் பி.எஸ்சி. பிசிக்ஸ், கடைசி வருஷம். என் சிநேகிதர், ஏலக்காய் வியாபாரி தங்கவேல் அண்ணனின் ஒரே மகன்.

இப்போது கல்லூரிகளில் புதுக் காய்ச்சல் ஒன்று பரவுகிறதே... ‘வேலை தேடாதே, தொழில் தொடங்கு’ என்று? முருகேசனின் புரொபசருக்கும் அது கண்டிருந்தது. சொந்தமாக ஒரு மெஷின் செய்து, ஊரறிய ஓட்டிக் காட்டி, ஒரு வியாபாரியிடம் ‘உபயோகமானது’ என்று எழுதி வாங்கி வா. பேங்க் லோனுக்கு நான் சிபாரிசு செய்கிறேன் என்றார். லோன் வந்தால் டேப்ரிக்கார்டர், டி.வி. ரிப்பேர் கடை. வராவிட்டால்? குரங்கணிக்கு மேலே, மலைக்குளிரில், தாய்மாமன் எஸ்டேட்டில் கணக்குப்பிள்ளை வேலை. மாமா கம்பளிகூட வாங்கி வைத்துவிட்டார்.

பையன் யோசித்தான். ஏலக்காய் ஏலத்தில் யார் கேட்கிறார்கள் என்றே தெரிவதில்லை. எனவே ஆளுக்கொரு பட்டன். முன்னால் பிளைவுட் போர்டில் எல்லோர் பெயரும், பெயருக்கு மேல் ஒரு சிவப்பு பல்பும். பட்டனை அழுத்தினால் பல்பு எரியும், விலை ஒரு படி ஏறும். ஏலம் கூறுபவரிடம் புரொபசர் கறாராகச் சொல்லிவிட்டார் - “ஆட்களைப் பார்க்காதீங்க சார், போர்டை மட்டும் பாருங்க.”

ஏலத்தன்று கூடத்தில் முதல் லாட் மூட்டைகளின் சாம்பிள் தட்டில் சுற்றி வந்தது. நல்ல பச்சை, பருமனான காய். விலை கூறினார். பல்பு எரியவில்லை. மறுபடி கூறினார். ம்ஹூம். கரண்ட் இல்லையோ என்று முருகேசன் வயரை இழுத்துப் பார்த்தான்.

கரண்ட் இருந்தது. தைரியம்தான் இல்லை.

அந்தக் கூடத்தில் வாயைத் திறந்து கேட்கிறவர்கள் யார்? ஒருவர் காதைத் தடவுவார். ஒருவர் பேனாவைத் திருப்புவார். தங்கவேல் அண்ணன் இடது கண்ணை லேசாகச் சுருக்குவார். அவ்வளவுதான், மூட்டை அவருடையது. (இதைப் படித்ததும் வலது கண்ணுக்கு மாறிவிடுவார்.) அவர் கைவைத்தால் சரக்கு உசத்தி என்று ஊருக்கே தெரியும். அதனால்தான் அவர் கைவைப்பது யாருக்கும் தெரியக் கூடாது.

அண்ணனின் கண் சுருங்கியது. ஏலம் கூறுபவரோ போர்டையே பார்த்துக்கொண்டிருந்தார். இன்னும் ஒரு தரம் கூறினால் கதை முடிந்தது. முருகேசன் முகத்தில் ஈயாடவில்லை.

அண்ணன் மகனைப் பார்த்தார். போர்டைப் பார்த்தார். பட்டனை அழுத்திவிட்டார்.

தங்கவேல் பெயருக்கு மேல் சிவப்பு வெளிச்சம். கூடமே திரும்பிப் பார்த்தது. அடுத்த நொடி தீபாவளிதான்... எல்லாப் பல்பும் எரிந்தது. விலை எங்கேயோ போனது, லாட்டும் அண்ணன் கையை விட்டுப் போனது. பின் வரிசையில் இருந்த ராசிங்காபுரத்துக்காரர் முகம் மலர்ந்துவிட்டது. அது அவர் தோட்டத்துக் காய். “அப்பு, இத வாராவாரம் கொண்டாந்துரு” என்றார் முருகேசனிடம்.

வெளியே வந்ததும் முருகேசன் தயங்கித் தயங்கிக் கேட்டான்.

“மெஷினு எப்பிடிப்பா?”

“நல்லாத்தான்டா இருக்கு. விக்கிறவனுக்கு.”

“அப்ப... எழுதித் தர மாட்டீங்களா?”

அண்ணன் என் சட்டைப் பையிலிருந்து பேனாவை உருவினார்.

“அருமையான மெஷினுன்னு எழுதித் தர்றேன். ஆனா ஒண்ணு. உலகத்துல எங்க வேணாலும் மாட்டிக்க. நான் ஒக்கார்ற எடத்துல மாட்டாத.”

புதுமையை நாம் யாராவது எதிர்க்கிறோமா என்ன? பக்கத்து ஊரில் இருந்தால் கைகூடத் தட்டுவோம். லோன் வந்துவிட்டது. கடை தேனியில். மாமா கம்பளியைத் திருப்பிக் கொடுக்க அலைகிறார்.

பட்டனை அழுத்தி விளக்கேற்றிக் கடையைத் திறந்துவைக்க அண்ணனைத்தான் கூப்பிட்டிருக்கிறான் முருகேசன்.

“பட்டன் சோலியே வேணாம்ப்பா” என்கிறார். “ரிப்பன் வெட்டிப்புடுறேன்.”