டீமேக்கரின் சட்டைப்பையில் போன பல்பு

டீமேக்கர் செல்லையா அவர்கள் காலமான செய்தியைச் சென்ற வியாழக்கிழமை காலை பசறை பஸ் கண்டக்டர்தான் கொண்டுவந்தார். அப்போதுதான் ஸ்டூடியோவைத் திறந்திருந்தேன். மறுபடி பூட்டிவிட்டு அதே பஸ்ஸில் ஏறினேன்.

பசறைப் பக்கத்துத் தோட்டத் தொழிற்சாலையில் தேயிலைக்குப் பதம் பார்ப்பது அவர் உத்தியோகம். பதுளையில் படம் பிடித்துக் கழுவிக் கொடுப்பது என் தொழில். இறக்குமதிக் கட்டுப்பாட்டில் பிலிம் கிடைக்காமல் நான் ஈயோட்டிக்கொண்டிருந்த நாளில், இங்கிலாந்துக்குப் போய்விட்ட பழைய தோட்டத் துரை அனுப்பிய ஒரே ஒரு ரோலோடு அவர் வந்தார்.

திருவாதிரை நட்சத்திரத்துக்குக் கிழக்கே கண்ணுக்கே தெரியாத வாயுமேகம் ஒன்று வளையமாகச் சிவந்து கிடக்கிறதாம். அதைப் படம் பிடிக்க வேண்டுமாம். இரண்டு பலகைகளைக் கீலால் இணைத்து, மேலே கேமராவைப் பூட்டி, கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி ஒரு போல்ட்டை மெல்லத் திருகுவார். வானம் நகரும் வேகத்தில் கேமராவும் நகரும். பைத்தியம் என்றே நினைத்தேன்.

"தேயிலைக்குப் பதம் மூக்குல தெரிஞ்சிரும் நானா. இதுக்கு நீங்க கழுவுனாத்தான் தெரியும்" என்றார். முஸ்லிம் அண்ணன்மாரை எங்கள் பக்கத்தில் நானா என்றுதான் அழைப்பார்கள்.

மாசியில் மழை விட்டதும் படமெடுத்து ரோலைக் கொடுத்தார். நான் என் வழக்கப்படி இருட்டறையில் சிவப்பு பல்பைப் போட்டுக் கழுவினேன். எங்கள் பழைய பிலிமுக்குச் சிவப்பு வெளிச்சம் உறைக்காது. இதுவோ சிவப்பைப் பிடிப்பதற்கென்றே செய்த பிலிம். முழுச்சுருளும் கரியாகிவிட்டது.

மறுநாள் அவர் வந்தபோது, நட்சத்திரங்கள் கோடுகோடாக இழுத்திருந்தன, அதனால் எறிந்துவிட்டேன் என்று வாய் கூசாமல் சொன்னேன். அவர் போல்ட்டைத் திருகிய தன் வலது கையைப் பார்த்துக்கொண்டே போனார்.

அடுத்த ஆண்டு புதுப் பலகை, புதுப் போல்ட்டோடு வந்து நின்றார். கை நடுங்காமலிருக்கத் தினமும் பழகுவதாகச் சொன்னார். அதற்குமேல் என்னால் முடியவில்லை. நடந்ததைச் சொல்லிவிட்டேன்.

"ஒரு வருசமா இந்தக் கையத் திட்டிக்கிட்டு இருந்தேன் நானா" என்றார். அவ்வளவுதான். திட்டியிருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும்.

அதே மாதிரி ரோல் ஒன்றைக் கொழும்பில் ஆறு மாதம் அலைந்து வாங்கிக் கொடுத்தேன். படமெடுத்தபின் கழுவ அவர் வேறு கடைக்குப் போவார் என்றே எதிர்பார்த்தேன். என்னிடமேதான் வந்தார். ஆனால் இருட்டறைக்குள் நுழைந்ததும் சிவப்பு பல்பைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

"இது எங்கிட்டயே இருக்கட்டும்."

கும்மிருட்டில் இருவரும் நின்றோம். வெளியே வந்து பார்த்தால், பிலிமில் பச்சைப்பயறு அளவில் ஒரு மங்கல் வளையம். நட்சத்திரங்கள் எல்லாம் புள்ளியாகவே இருந்தன. கையில் குற்றமே இல்லை. அவர் சிரித்தார், எனக்கு அழுகை வந்தது. பல்பை நான் திருப்பிக் கேட்கவில்லை. பிறகும் அவர் பல தடவை வந்தார், அதைப்பற்றி நாங்கள் பேசியதேயில்லை.

வியாழனன்று அவர் வீட்டில், கூடத்துச் சுவரில் அந்த வளையம் சட்டமிட்டுத் தொங்கியது. அடக்கம் முடிந்து விடைபெறும்போது அவர் துணைவியார் உள்ளே போய், தேயிலைத் தாளில் சுற்றிய பொட்டலத்தோடு வந்தார்.

"நானாகிட்ட குடுத்துரச் சொன்னாரு. இனி அவர்கிட்டயே இருக்கலாம்னாரு."

ஐயா, பல்பு பத்திரமாக வந்து சேர்ந்தது. நீங்கள் நிம்மதியாகப் போய் வாருங்கள்.