பரமேஸ் அக்காவின் தென்கிழக்கு மூலை

ஆனி மாதம் இங்கே குளிர்காலம். அப்படியொரு காலையில் தொலைபேசி ஒலித்தது. பரமேஸ் அக்காவின் மூத்த மகள் வாசுகியின் குரல். "அன்ரி, அம்மா போட்டா. நித்திரையிலதான். ஒண்டும் தெரியாமல் போட்டா" என்றாள்.  தொலைபேசியை வைத்துவிட்டுப் பின்கதவைத் திறந்து வெளிக்காற்றை முகர்ந்தேன். நனைந்த மண், யூகலிப்டஸ் இலை, யாரோ ஒருவர் வீட்டு விறகுப் புகை. எண்ணெய் வாடை ஏதும் இல்லை. அது இல்லை என்று உறுதி செய்துகொண்ட பிறகே உட்கார்ந்து அழுதேன்.

திருமதி பரமேஸ்வரி தர்மலிங்கத்தை அறிந்தவர்கள் இதை விந்தையாக எண்ண மாட்டார்கள். த பேசின் என்னும் ஊர்க் கோயிலில் சமையல் நடக்கும்போது, நான்கு அடுப்புக்கு அப்பால் நின்றபடியே, "உந்தச் சோறு அடிப்பிடிக்குது, இறக்குங்கோ" என்று குரல் கொடுப்பவர் அவர். பிள்ளைகள் அவரை 'மூக்கு அன்ரி' என்றார்கள். அவர் காதுபடவே சொன்னார்கள். அவரும் மூக்கைத் தடவிக் காட்டிச் சிரித்தார். அவர் காதுபடாமல் வழங்கிய பெயர் வேறொன்று உண்டு. 'விளக்கணைத்தவள்.' சாவு வீட்டிலும் அந்தப் பெயர் ஒரு நாற்காலியிலிருந்து மறு நாற்காலிக்குச் சென்றதை என் காதால் கேட்டேன். அந்தப் பெயர் வந்த நாளில் நடந்ததை நேரில் கண்டவள் நான். பள்ளியை எட்டாம் வகுப்போடு விட்டவள்; தமிழை விட்டவள் அல்லள். ஆகவே எழுதுகிறேன்.

நானும் அவரும் ஒரு முதியோர் இல்லத்தின் சலவைக்கூடத்தில் ஒரே மேசையில் படுக்கை விரிப்புகளை மடித்தவர்கள். நான் தமிழ்நாட்டவள், அவர் யாழ்ப்பாணத்தவர். "உம்மட தமிழ் புத்தகத்தில இருந்து இறங்கி வந்த தமிழ், மரகதம். கால் நோகாதோ?" என்று முதல் நாளிலேயே கேட்டார். அப்படித்தான் நட்புத் தொடங்கியது. சோப்பு முழுவதும் அலசப்படாத விரிப்பு கையில் வந்தால் அப்படியே கூடைக்குத் திருப்பி எறிவார். மேற்பார்வையாளர் வந்து கேட்டால், எறிந்ததை எடுத்து அவர் முகத்துக்கு நேரே பிடிப்பார். பணிவு என்பது அவரிடம் மருந்துக்கும் கிடையாது.

எண்பதுகளின் நடுவில் அவரும் கணவர் தர்மலிங்கம் அண்ணனும் மலையடிவாரத்தில் ஒரு பழைய மரவீடு வாங்கினார்கள். குட்டைக் கட்டைகளின் மேல் நிற்கும் வீடு. பலகைத் தளத்துக்கும் மண்ணுக்கும் இடையில் ஓர் ஆள் தவழ்ந்து போகலாம். கிழக்கே மலை ஏறும். மேற்கே தெரு இறங்கும். எரிவாயுக் குழாய் அந்தத் தெருவுக்கு அப்போது வரவில்லை. வீட்டைச் சூடாக்க ஓர் எண்ணெய் ஹீட்டர் இருந்தது. அதற்கான எண்ணெய்த் தொட்டி வெளியே இரும்புக் கால்களில் நிற்கும். லாரி வந்து நிரப்பிப் போகும். தொட்டியிலிருந்து செப்புக் குழாய் வழியே எண்ணெய் தானாக உள்ளே இறங்கும். பழைய தொட்டி துருவேறிப் போயிருந்தது. குளிர் வருமுன் புதிது வைக்க வேண்டும்.

தொட்டி பார்க்க என்னையும் அழைத்துச் சென்றார்கள். வேறொருவர் பயன்படுத்திய தொட்டி ஒன்றை அண்ணன் முன்பே பார்த்து வைத்திருந்தார். அக்கா அதன் மூடியைத் திருகித் திறந்து, முகத்தை வைத்து முகர்ந்தார்.

"இதுக்குள்ள தண்ணி நிண்டிருக்கு. துரு மணக்குது."

"எண்ணெய்த் தொட்டிக்குள்ள மல்லிகைப்பூவோ மணக்கும்?" என்றார் அண்ணன்.

"வேணுமெண்டால் நீங்கள் உதுக்குள்ள படுங்கோ. என்ர வளவுக்கு உது வராது."

புதுத் தொட்டியே வாங்கப்பட்டது. அதன் ஒட்டுகளை விரல் நுனியால் தடவித் தடவிப் பார்த்த பிறகே அக்கா தலையசைத்தார். திரும்பும் வழியில் காரின் பின்னிருக்கையிலிருந்து என்னிடம் சொன்னார்: "தொட்டி என்ர விருப்பம். இடம் அவையின்ர விருப்பமாம். பாப்பம்." அப்போது நாங்கள் இருவரும் சிரித்தோம்.

இடத்தை முடிவு செய்தவர் அண்ணனின் தமையனார். சிட்னியின் பென்டில் ஹில் பகுதியில் வசித்த பெரியவர். குடும்பத்தில் அவர் சொல்லை மீறுவோர் இல்லை. நெருப்புக்கு உரிய பொருள் அக்கினி மூலையாகிய தென்கிழக்கிலன்றி வேறெங்கும் இருத்தலாகாது என்று சிட்னியிலிருந்து தொலைபேசியில் தீர்ப்பளித்தார். அந்த வீட்டின் தென்கிழக்கு, மலைப்பக்கத்து மூலை. வீட்டைவிட மேடு. பிள்ளைகள் இருவரின் படுக்கையறை அதற்கு நேர் கீழே.

அக்கா தொலைபேசியைக் கணவர் கையிலிருந்து வாங்கினார். கணவரின் தமையனை அவர் அத்தான் என்றே அழைப்பார். "அத்தான், அது அக்கினி மூலைதான், நான் இல்லையெண்டேல்லை. ஆனால் அந்த மூலையில என்ர பிள்ளையள் படுக்கினம். மேல வைச்ச எண்ணெய் ஒழுகினால் கீழதானே வரும்?"

மறுமுனையில் அவர் சொன்னது அறையில் இருந்த எங்களுக்கும் கேட்டது. "ஒரு நல்ல காரியம் தொடங்கேக்க ஒழுகும் வடியும் எண்டு வாயால சொல்லக்கூடாது, பரமேஸ்."

தொட்டியைப் பொருத்த வந்தவர், தெருப்பக்கம் உயரமான கால் போட்டு வைக்கலாம் என்றார். மேட்டு மூலையில் வைத்தால் எண்ணெய் எளிதாக இறங்கும், மறுப்பதற்கில்லை. ஆனால் அந்த மண் கொட்டி நிரப்பிய மண், காங்கிரீட்டை ஆழமாகப் போட்டு நன்றாகக் காயவிட வேண்டும் என்றும் சொன்னார். பெரியவர் குறித்துக் கொடுத்திருந்த நல்ல நேரமோ காங்கிரீட் காய்வதற்கு முன்பே வந்துவிட்டது. வந்தவர் கையை விரித்தார். தொட்டி ஏறியது. அண்ணன் தேங்காய் உடைத்து, இரும்பின் நெற்றியில் மூன்று கோடாகத் திருநீறு பூசினார். அன்று மாலை வெயில் தாழ்ந்ததும் தொட்டி குளிர்ந்து சுருங்கி, உள்ளிருந்து யாரோ தட்டுவதுபோல் ஓர் ஒலி எழுப்பியது. அக்கா தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு அந்த மூலையைப் பார்த்தார். "கேட்டனீரே?" என்றார். இரும்பு குளிர்ந்தால் அப்படித்தான் என்று அண்ணன் விளக்கினார். ஆனால் அந்த வீட்டுக்கு எப்போது சென்றாலும், மாலையில் அந்த ஒலி வரும்வரை நான் பேச்சில் மனம் செலுத்த இயலாதவளாகவே இருந்தேன்.

குளிர்காலம் பாதி கடந்தபோது அவர் சலவைக்கூடத்தில் என்னிடம், "மரகதம், எனக்கு மணக்குது" என்றார். பிள்ளைகளின் அறையில், கட்டிலுக்கு அடியில், பலகை இடுக்கின் வழியே வருகிறது என்றார். வேறு யாருக்கும் அது எட்டவில்லை. நான் சென்று முழந்தாளிட்டு முகர்ந்து பார்த்தேன், எனக்கும் எட்டவில்லை. "இவவுக்குக் குசினியில சமைச்சுச் சமைச்சு மூக்குப் பழுதாப்போச்சு" என்று விருந்தினர் முன் அண்ணன் கேலி பேசினார். எல்லோரும் சிரித்தார்கள். 'மூக்கு' என்ற பட்டம் பிறந்தது அன்றுதான். அக்கா சிரிக்கவில்லை. "மூக்குப் பொய் சொல்லாது. சொல்லுறது வாய்தான்" என்று கூறிவிட்டுப் பாத்திரங்களை எடுத்துச் சென்றார்.

ஒருநாள் கைவிளக்கோடு வீட்டுக்கு அடியில் தவழ்ந்தும் பார்த்திருக்கிறார். சொட்டு எதுவும் கண்ணில் படவில்லை. பிற்பாடு விளங்கிற்று: கசிவு தொட்டியின் அடியில், குழாய் சேரும் மூட்டில். காயாத காங்கிரீட் ஒரு பக்கம் அமிழ்ந்து, தொட்டி கண்ணுக்குத் தெரியாத அளவு சாய்ந்து, மூட்டு விட்டுக்கொடுத்திருந்தது. எண்ணெய் இரும்புக் காலோடு வழிந்து காங்கிரீட் வெடிப்புக்குள் இறங்கி, மண்ணுக்குள்ளேயே வீட்டை நோக்கி நடந்துகொண்டிருந்தது. வசந்தம் வந்து ஹீட்டரை நிறுத்திய பிறகும் தொட்டியில் எண்ணெய் மட்டம் இறங்கியது. "வெயிலுக்கு ஆவியாப் போகும்" என்றார் அண்ணன். அக்கா பிள்ளைகளை முன்னறையில் படுக்க வைத்தார். அண்ணன் மறுநாளே கட்டிலைத் திரும்பக் கொண்டுபோய்ப் போட்டார்.

கார்த்திகை வந்தது. எங்கள் ஊரில் அகல்விளக்கை வாசலில் வைப்போம். யாழ்ப்பாணத்தார் அதை விளக்கீடு என்பார்கள். தடியில் எண்ணெய்த் துணி சுற்றிப் பந்தமாக்கி, வீட்டைச் சுற்றிய வளவின் மூலைக்கு மூலை நட்டு ஏற்றுவார்கள். அவர்கள் ஊரில் அது மழைக்காலம், மண் ஈரமாயிருக்கும். இங்கே கார்த்திகை கோடையின் தலைவாசல். உதிர்ந்த யூகலிப்டஸ் இலையும் பட்டையும் காலடியில் நொறுங்கும்.

விளக்கீட்டுக்கென்றே பெரியவரும் மனைவியும் சிட்னியிலிருந்து வந்திருந்தார்கள். நானும் என் கணவரும் சென்றிருந்தோம். வாசுகி எங்களோடு முற்றத்தில் நின்றாள். இளையவள் காய்ச்சலோடு அந்த அறையிலேயே உறங்கிக்கொண்டிருந்தாள். அக்கா பெரியவர் முன் போய் நின்றார்.

"அத்தான், எல்லா மூலைக்கும் வையுங்கோ. அந்த மூலைக்கு மட்டும் வேண்டாம்."

"விளக்கீட்டண்டைக்கு அக்கினி மூலையை இருட்டா விடுறதோ? குடும்பப் பெண் கதைக்கிற கதையோ உது?"

"நெருப்புக்கு மூலை தெரியாது அத்தான். எங்களுக்குத்தான் தெரியும்."

 பெரியவர் பந்தத்தை எடுத்துக்கொண்டு மேட்டை நோக்கி நடந்தார். அக்கா அண்ணனைப் பார்த்தார். அண்ணன் நிலத்தைப் பார்த்தார். அக்கா வாளிகளில் நீர் பிடித்தார். கொட்டகையிலிருந்து பழைய கம்பளம் ஒன்றை இழுத்து வந்து அதன்மேல் நீரை ஊற்றினார். "பார், அவள் நிக்கிற கோலத்தை" என்று பெரியவரின் மனைவி என்னிடம் முணுமுணுத்தார்.

பொழுது சாய்ந்தது. பந்தங்கள் ஒவ்வொன்றாக எரிந்தன. உண்மையாகவே அழகாயிருந்தது. தென்கிழக்கு மூலையின் பந்தமும் தொட்டிக்குச் சற்றுக் கீழே நின்று அமைதியாக எரிந்தது. பெரியவர் எங்களைத் திரும்பிப் பார்த்து, "எங்க, என்ன நடந்தது?" என்றார். அவர் சொல்லி முடித்தபோது பந்தத்திலிருந்து எரிதுணியின் ஒரு கீற்று கழன்று மண்ணில் விழுந்தது. விழுந்த இடத்தில் அது அணைந்திருக்க வேண்டும். அணையவில்லை. இலைச்சருகின் அடியில் மஞ்சளாகத் தாழ்ந்து படுத்தது, கரும்புகை விட்டது, பிறகு அவசரமே இல்லாமல், வழி தெரிந்ததுபோல், சரிவில் இறங்கி வீட்டின் அடிப்பக்கத்தை நோக்கி ஊர்ந்தது. மேலே, அந்தப் பலகைகளின்மேல், குழந்தை உறங்கிக்கொண்டிருந்தாள்.

எங்களில் எவரும் அசைந்ததாக எனக்கு நினைவில்லை. அக்கா ஓடினார். நனைந்த கம்பளத்தை நெருப்பின்மேல் விரித்து, அதன்மேல் தாமே ஏறி நின்றார். கம்பளத்தின் விளிம்பில் சீறியதை வெறுங்காலால் மிதித்தார். "பிள்ளையைத் தூக்குங்கோ!" என்று அவர் கத்திய பிறகுதான் அண்ணன் உயிர் பெற்று உள்ளே பாய்ந்தார். அக்கா அந்தப் பந்தத்தைப் பிடுங்கி வாளி நீரில் அமிழ்த்தினார். பிறகு அடுத்த பந்தம். அதற்கடுத்தது. வீட்டைச் சுற்றி நடந்து, ஒன்று விடாமல் அணைத்தார்.

"ஐயோ, கார்த்திகை விளக்கை அணைக்கிறாளே!" என்று பெரியவரின் மனைவி தலையில் அடித்துக்கொண்டார்.

முற்றம் இருண்டது. இருட்டில் பெரியவரின் குரல் கேட்டது: "இந்த வீடு இனி விளங்காது."

அக்கா வாளியைக் கீழே வைத்தார். "விளங்காட்டி விடட்டும் அத்தான். எரியேல்லைத்தானே."

மறுநாள் அண்ணன் அந்த மூலையைத் தோண்டினார். மண்வெட்டி இறங்கிய ஆழம்வரை மண் கறுத்திருந்தது. அதை முகர அப்போது எவருக்கும் தனி மூக்கு வேண்டியிருக்கவில்லை. தொட்டி தெருப்பக்கத்துக்கு, உயரமான கால்களுக்கு மாறியது. ஆனால் பெரியவரின் சொல் அந்த வீட்டைவிட்டுப் போகவில்லை. அண்ணனுக்கு வேலை போனபோது அதைச் சொன்னார்கள். இளையவளின் மணவாழ்வு முறிந்தபோது மிகத் தெளிவாகச் சொன்னார்கள். காலில் தீத்தழும்போடு, மூக்கு அன்ரி என்ற சிரிப்போடு, இருபதாண்டுகளுக்கு மேல் அதை அவர் சுமந்தார். ஒருமுறை நான் பொறுக்கமாட்டாமல், "நீங்க ஏன் அக்கா பதில் சொல்றதில்ல?" என்று கேட்டேன். "பதில் அங்க கலியாணம் கட்டிப் பிரிஞ்சு, உயிரோட நிக்குது. வேறென்ன பதில்?" என்றார்.

அண்ணன் மன்னிப்பு ஏதும் கேட்டதில்லை. ஆனால் அன்று தொடங்கி, நாள்தோறும் மாலையில் பின்கதவைத் திறந்துவிட்டு, "பரமேஸ், மணக்குதோ?" என்று கேட்பார். அக்கா வந்து நின்று காற்றை முகர்ந்து, "இல்லை" என்பார். அதன் பிறகே கதவு பூட்டப்படும். எரிவாயு வந்து, தொட்டியே அகற்றப்பட்ட பின்பும் அந்தக் கேள்வி நிற்கவில்லை. இந்த ஆண்டுக் கோடையில் மலைகளுக்கு அப்பால் காட்டுத்தீயில் ஊர்கள் எரிந்தபோது, புகை எங்கள் வானத்துக்கு வருமுன்பே அக்கா என்னை அழைத்து, "மரகதம், மணக்குது. சன்னல் எல்லாம் பூட்டும்" என்றார். என்னிடம் அவர் விடுத்த கடைசி எச்சரிக்கை அது.

ஈமக்கிரியை முடிந்த மாலையில் அந்த வீட்டின் சமையலறையில் கோப்பைகளைக் கழுவிக்கொண்டிருந்தேன். அண்ணன் மெல்ல நடந்து வந்து பின்கதவைத் திறந்தார். வழக்கம்போல் கேட்க வாயெடுத்து, 'பரமேஸ்' என்ற பெயரிலேயே நின்றுவிட்டார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"மரகதம், மணக்குதோ?"

கையைத் துடைத்துக்கொண்டு அவரருகே சென்று நின்றேன். தென்கிழக்கு மூலையில் இன்றும் புல் முளைப்பதில்லை. அந்த வெறுமண் மங்கிய வெளிச்சத்தில் தெரிந்தது. என்னால் இயன்ற அளவு ஆழமாக முகர்ந்தேன். "இல்லை அண்ணா" என்றேன். அவர் கதவைப் பூட்டினார். என் மூக்கு அக்காவின் மூக்கு அன்று என்பது எங்கள் இருவருக்கும் தெரியும்.

அக்காவிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது கதவருகே நின்று காற்றை முகரும் அந்தப் பழக்கம். இன்னொன்றும் உண்டு. வரும் கார்த்திகையில் என் வீட்டைச் சுற்றி விளக்குகள் எரியும். தென்கிழக்கு மூலை இருட்டாக இருக்கும். எண்ணெய் தீர்ந்துவிட்டதா என்று யாரேனும் கேட்டால், இல்லை, அது பரமேஸ் அக்காவுக்குரிய மூலை என்று சொல்வேன். பக்கத்தில் ஒரு வாளி நீரும் இருக்கும்.