ரொசெண்டா கேட்ட ஒரே கேள்வி

நியூ மெக்சிகோவில் வெகுகாலம் பள்ளிப் பேருந்து ஓட்டிய ரொசெண்டாவுக்குக் குலுக்கலில் விண்வெளிப் பயணம் விழுந்திருந்தது. கிளம்புவதற்கு முதல்நாள் அந்தப் பயணத்தை நடத்தும் நிறுவனத்தின் வக்கீல் நிபந்தனைகளை விளக்கினார்.

"இந்த ஊர்தி பாதுகாப்பானதுன்னு அரசாங்கம் சான்று தரலைம்மா. விபத்தாகி உங்களுக்கு ஏதாவது ஆச்சுன்னா, உங்க குடும்பம் எங்கமேல வழக்குப் போட முடியாது."

கணவர் எர்மினியோ அவள் கையைப் பிடித்து இழுத்தார். "வேணாம் ரோசி, வா, வீட்டுக்குப் போலாம்."

"சும்மா இருய்யா," என்றவள் வக்கீலிடம் திரும்பினாள். "கீழ யார் வீட்டு மேலயாவது விழுந்துட்டா?"

"அவங்களுக்கு நஷ்டஈடு உண்டு. அதுக்குக் காப்பீடு எடுத்தாத்தான் எங்களுக்கு உரிமமே."

"அப்பாடா! பேனாவைக் குடுங்க."

மறுநாள் காலை, கறுத்த வானத்தின் கீழே பூமி வளைந்து தெரிந்தபோது ரொசெண்டா சந்தோஷத்தில் வாய்விட்டுக் கூவினாள். தரையிறங்கியதும் எர்மினியோவைக் கட்டிக்கொண்டு, "அடுத்த குலுக்கல் எப்பன்னு கேளுய்யா!" என்றாள்.