கூட்டாளி இல்லாத ஆட்டம்

என் மீன் வியாபாரக் கூட்டாளி தவராசா அவர்கள் சென்ற செவ்வாய்க்கிழமை காலை ஜேர்மனியின் வுப்பர்டால் நகரில் மாரடைப்பால் காலமானார். அன்று எசன் நகரிலுள்ள என் கடைக்கு அவருடைய வண்டி வரவில்லை. நல்ல மீனை வேறு யாருக்கோ இறக்குகிறார் என்றுதான் முதலில் நினைத்தேன். பிறகு அவர் மனைவி மலர் தொலைபேசியில் அழுதார். அந்த நினைப்பை நான் மறைத்து எழுதினால், தவம் என்று நான் கூப்பிடும் அந்த மனிதர் சிரிப்பார்.

உலகக் கிண்ண உதைபந்தாட்டம் ஜேர்மனியில் நடந்த கோடையில் அறிமுகமானோம். அவர் மொத்தமாக மீன் எடுத்து விற்பவர். நான் உணவகங்களில் கோப்பை கழுவிச் சேர்த்ததில் பலசரக்குக் கடை வைத்தவன். முன்பு கூட்டு வைத்த ஒருவர் அந்தக் கடையைப் பாதியாக்கிவிட்டுப் போயிருந்தார். இன்னொரு முறை தாங்காது. ஆகவே, "சிவண்ணை, சேர்ந்து செய்வமோ?" என்று தவராசா கேட்டபோது நான் பேச்சை மாற்றினேன். அவர் வற்புறுத்தவில்லை.

"அப்ப ஞாயிற்றுக்கிழமையில வாங்கோ, போக்கர் பழக்கிறன்."

கூட்டுக் கேட்டவர் சீட்டுக்கு ஏன் கூப்பிடுகிறார்? கடைக்குக் கண்ணி வைக்கிறார் என்று எடுத்துக்கொண்டேன். கண்ணி எங்கே இருக்கிறது என்று பார்க்கவே போனேன்.

அவர் ஆடியது கலப்பு ஆட்டம். ஒரு சுற்றில் பெரிய கை, அதாவது பெரிய சீட்டுகள் சேர்ந்த கை, வெல்லும். அடுத்த சுற்றில் சின்னக் கை வெல்லும். இன்னொன்றில் பாதிச் சீட்டுகள் எல்லாரும் பார்க்கத் திறந்தே கிடக்கும். ஒவ்வொரு முறையும், "ஆட்டம் மாறுது அண்ணை" என்று எச்சரிப்பார். பந்தயம் வறுத்த கடலை. ஒருநாள் என் பக்கக் குவியல் குறைந்திருந்தது. முறைத்தேன்.

"பசிச்சுது, தின்னுட்டன். பொலிசைக் கூப்பிடாதேங்கோ."

எனக்குத் தெரிந்ததோ ஊரில் பழகிய முந்நூற்றுநாலு என்ற சீட்டாட்டம் மட்டும். அதில் ஜாக்தான் பெரிது, அடுத்தது ஒன்பது. எதிரே இருப்பவர் கூட்டாளி. அந்தப் பழக்கத்தில், சின்னக் கை வெல்லும் சுற்றொன்றில் இரண்டு ஜாக்கையும் ஒரு ஒன்பதையும் பொத்திப் பிடித்துக்கொண்டு கடலை முழுவதையும் தள்ளிவிட்டேன்.

"அண்ணை, முந்நூற்றுநாலோ விளையாடுறியள்? முகம் ஜாக், ஜாக் எண்டு கத்துது. கடலையைத் திருப்பி எடுங்கோ."

எடுத்தேன். சந்தேகம் இரட்டித்தது. எதிராளி பிழை விடும்போது தடுக்கிறவர் ஒன்றில் மடையர், அல்லது பெரிய வேட்டைக்குக் காத்திருப்பவர். தவம் மடையரல்லர்.

மாரி தொடங்கிய ஒரு ஞாயிறு, தம் சீட்டுகளைக் கவிழ்த்து வைத்துவிட்டுத் தேநீர் போடப் போனார். திரும்பி வந்து சீட்டுகளையும் என்னையும் பார்த்தார்.

"தூக்கிப் பாக்கேல்லையோ?"

"நீர் வேணுமெண்டு வச்சிட்டுப் போனீர் எண்டு தெரியும்."

"அப்ப நேர்மையால இல்லை?"

"இல்லை. சந்தேகத்தால."

கோப்பையை வைத்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தார். "அதுதான் எனக்கு வேணும். நேர்மை ஒருநாள் களைச்சுப்போகும் அண்ணை. உங்கட சந்தேகம் களைக்காது. முந்நூற்றுநாலில கூட்டாளி எதிரில இருக்கிறார், அங்க எல்லாரும் நல்லாக்கள்தான். கூட்டாளி எண்டு ஆருமில்லாத ஆட்டத்தில ஒராள் எப்பிடி இருக்கிறார் எண்டு பாக்கத்தான் உங்களைக் கூப்பிட்டனான்."

நான் அவரை அளந்துகொண்டிருந்த அத்தனை ஞாயிறுகளிலும் அவரும் என்னை அளந்திருக்கிறார். அடுத்த நாளே கூட்டு வைத்தோம். அதன் பிறகும் ஒவ்வொரு மீன்பெட்டியையும் நான் திறந்து பார்ப்பேன். "அடியிலயும் பாருங்கோ" என்று அவரே பிடித்துத் தருவார்.

இறுதிக் கிரியையில் வெகுநேரம் அவர் முகத்தைப் பார்த்து நின்றேன். உதட்டோரச் சிரிப்பு, புருவ அசைவு, அவர் கையில் என்ன இருக்கிறதென்று எனக்குக் காட்டிக்கொடுத்த எதுவும் அதில் இல்லை. போய்வாரும், தவம். இந்தச் சுற்று உம்முடையது.

நேற்று மலர் கடைக்கு வந்தார்.

"அண்ணை, இனி அந்தக் கூட்டு?"

"இருக்குத் தங்கச்சி."

"வாயால சொன்னால் காணாது. நீங்கள் நல்லவர் எண்டு அவர் ஒருநாளும் சொல்லேல்லை. ‘சிவண்ணை ஆரையும் நம்பமாட்டார், அந்தாளோட நில்’ எண்டுதான் சொன்னவர். நானும் உங்களை நம்பேல்லை."

"நல்லது. இருங்கோ, பேசுவம்."

பேசி முடித்தோம். மீனில் வரும் லாபத்தில் பாதி மலருக்கு. கடைச் சாவி ஒன்று அவர் கையில். முன்கூட்டிச் சொல்லாமல் எந்த நாளிலும் வந்து, எந்தப் பெட்டியையும் அடிவரை கிளறிப் பார்க்கலாம்.