சவுக்குத் தோப்பில் சம்பந்தி

எங்கள் மகளைத் தியாகதுருகத்தில் கொடுத்தோம். சம்பந்தி வாடகை சைக்கிள் கடை வைத்திருந்தார். மாடி வீடு. அந்தத் தெருவிலேயே வீட்டோடு சேர்த்துக் கக்கூஸ் கட்டிய முதல் ஆள் அவர்தான். சம்பந்தம் பேசப் போன அன்றைக்குக் காபி கொடுத்துவிட்டு, கையோடு கூட்டிப்போய் அதன் கதவைத் திறந்து காட்டினார். சுவரெல்லாம் நீல ஓடு. நல்லா இருக்குது என்றேன். வேறு என்ன சொல்ல.

எங்கள் ஊர் கல்வராயன் மலையடிவாரம். குத்தகை நிலத்தில் கரும்பும் மரவள்ளியும். ஊரில் எல்லாருக்கும் கரும்புக் கொல்லைதான் அதற்கு இடம்.

ஆவணியில் கல்யாணம். ஐப்பசியில் தலை தீபாவளி. தலை தீபாவளி பெண் வீட்டில்தான் நடக்க வேண்டும். மாமியார் கையால் மாப்பிள்ளைக்கு எண்ணெய் வைத்து, புதுத்துணி கொடுத்து, சோறு போட வேண்டும். மாப்பிள்ளை வரவில்லை என்றால் ஊர் பேசும். பெண்ணைப் பிடிக்கவில்லை போல என்றுதான் பேசும்.

நானும் என் வீட்டுக்காரியும் தட்டில் வெற்றிலை பாக்கு பழம் வைத்து அழைக்கப் போனோம். சம்பந்தி தட்டைத் தொடவில்லை.

"பையன் வருவான் சம்மந்தி. வராம இன்னா? ஆனா காலையில எழுந்தா எங்க போவான்? கொல்லைக்குப் போயி அவனுக்குப் பழக்கமில்ல. ஒரு கக்கூஸ் கட்டிட்டுக் கூப்புடுங்க. இல்லன்னா தல தீபாவளி எங்க வூட்லயே ஆவட்டும்."

என் மகள் சமையல்கட்டு வாசலில் நின்றிருந்தாள். தலையை நிமிர்த்தவில்லை. மாப்பிள்ளை வாயைத் திறந்தார். அப்பா பார்த்ததும் மூடிக்கொண்டார்.

தட்டைத் திருப்பி எடுத்துக்கொண்டு வந்தோம். பஸ்ஸில் வீடு வரைக்கும் என் வீட்டுக்காரி ஒரு வார்த்தை பேசவில்லை. அவள் பேசாமல் இருந்து நான் பார்த்ததே இல்லை.

மறுநாள் வீட்டுக்குப் பின்னால் குழி வெட்டினேன். இடுப்பளவு போனதும் தண்ணீர் ஊறியது. அந்த வருசம் மழை ஜாஸ்தி. இறைத்தேன். திரும்ப ஊறியது. மறுபடி இறைத்தேன். கடைசியில் தவளை குடிவந்துவிட்டது.

என் வீட்டுக்காரி வந்து குழியை எட்டிப் பார்த்தாள்.

"மாப்ளைக்கு நீச்சல் தெரியுமான்னு ஒரு வார்த்த கேட்டுட்டு வாங்க" என்றாள்.

அந்த வாரம் கள்ளக்குறிச்சிக்கு யூரியா வாங்கப் போனேன். உரக்கடை பாய் என்னைப் பார்த்ததும் கல்லாவை விட்டு எழுந்து வந்தார். மூட்டை வாங்குகிறவர்களுக்கு உரக் கம்பெனி ஒரு கூப்பன் கொடுத்திருந்தது. குலுக்கிப் பரிசு என்று சொல்லியிருந்தார்கள். எனக்கு ரெண்டாவது பரிசு விழுந்திருந்தது.

"மூணாவது பரிசு இன்னா பாய்?" என்று கேட்டேன். மருந்தடிக்கிற டேங்க் என்று எனக்குத் தெரியும். அதன் மேல்தான் எனக்குக் கண்.

"அது ரிஷிவந்தியத்துக்காரருக்குப் போயிடுச்சு. உனுக்கு அத வுட பெரிசுபா. மெட்ராசுக்கு அந்தாண்ட கடலோரம் பெரிய பார்க். ராட்டினம், தண்ணி வெளையாட்டு, எல்லாம் இருக்கும். அதுக்குள்ளயே ஓட்டல். ரெண்டு ராத்திரி. ஆறு பேரு தங்கலாம், மூணு ரூமு, சாப்பாடு அவுங்களுது."

எனக்கு எதற்கு ராட்டினம் என்று நின்றேன்.

"இன்னாபா மூஞ்சியத் தூக்கிகினு நிக்கிற? ரூமுக்குள்ளயே பாத்ரூமு, கக்கூஸ் எல்லாம் இருக்கு. ராஜா மாரி இருந்துட்டு வா."

"இன்னொரு தபா சொல்லுங்க பாய்."

"ராஜா மாரி."

"அதுக்கு முன்னால சொன்னது."

யூரியாவைக் கடையிலேயே போட்டுவிட்டு அப்படியே தியாகதுருகத்துக்குப் பஸ் ஏறினேன். சம்பந்தி ஒரு சைக்கிளுக்குப் பஞ்சர் பார்த்துக்கொண்டிருந்தார்.

"தல தீபாவளி கடலோர ஓட்டல்ல" என்றேன். "ரூமுக்கு ஒரு கக்கூஸ். நீங்களும் சம்மந்தியம்மாவும் வரணும்."

டியூபைத் தண்ணீரில் அமுக்கியபடியே இருந்தார். குமிழி வந்துகொண்டே இருந்தது. அவர் பார்க்கவில்லை.

"அது உங்க வூடு ஆவுமா?"

"ரெண்டு நாளைக்கு எனக்குக் குடுத்துருக்காங்க. அது வரைக்கும் என் வூடுதான்."

உள்ளே என் மகள் சிரித்த சத்தம் கேட்டது. கல்யாணத்துக்குப் பிறகு அந்த வீட்டில் அவள் சிரித்து நான் கேட்டது அதுதான் முதல்.

எங்கள் பக்கம் முழுக்க இட ஒதுக்கீடு கேட்டுப் போராட்டம் நடந்த வருசங்கள் அவை. எந்த நாள் எந்த ரோடு திறந்திருக்கும் என்று சொல்ல முடியாது. நாங்கள் கிளம்பிய அன்று தியாகதுருகம் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் பஸ் நின்றுவிட்டது. ரோட்டுக்குக் குறுக்கே ஒரு புளியமரம் கிடந்தது. மரத்தின் மேல் பசங்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள்.

சம்பந்தி இறங்கிப் பார்த்தார். மரத்தையும் பார்த்தார், வந்த வழியையும் பார்த்தார்.

"சகுனம் சரியில்ல சம்மந்தி. வூடு பக்கத்துலதான் இருக்குது, திரும்பிடலாம். தீபாவளி எங்க வூட்லயே வெச்சிக்கலாம். சுத்தமான எடம்."

என் மகள் என்னைப் பார்த்தாள். திரும்பினால் என்ன ஆகும் என்று அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். டிரங்குப் பெட்டியைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு மரத்தைப் பார்த்து நடந்தேன். மற்றவர்கள் பின்னால் வந்தார்கள். சம்பந்தி கடைசியில் வந்தார்.

"மாமா, வழி கெடையாது" என்றான் ஒரு பையன். "உங்க பேரப்புள்ளைக்குக் காலேஜில சீட்டு கேட்டுத்தான் நாங்க இங்க குந்திகினு இருக்கோம்."

என் வீட்டுக்காரி முன்னால் வந்தாள். மகளைக் கையைப் பிடித்து இழுத்து, கழுத்தில் இருந்த புதுத் தாலிக்கயிற்றைக் காட்டினாள்.

"பேரப்புள்ளைக்கு சீட்டு அப்பால கேளுங்கடா. மொதல்ல பேரப்புள்ள பொறக்கணும். அதுக்கு இதுங்க ரெண்டுத்துக்கும் தல தீபாவளி ஆவணும். வழிய வுடுங்க!"

மரமே ஆடுகிற மாதிரி சிரித்தார்கள். மாப்பிள்ளைக்கு முகம் சிவந்துபோனது. பசங்களே இறங்கிப் பெட்டியை அந்தப் பக்கம் கடத்தினார்கள். சம்பந்தியை ரெண்டு பேர் அக்குளில் கை கொடுத்துத் தூக்கி மரத்தைத் தாண்டி வைத்தார்கள். அவர் வேட்டி கிளையில் மாட்டிக்கொண்டது. அதையும் எடுத்துவிட்டார்கள். அந்தப் பக்கத்தில் வழியில்லாமல் நின்ற ஒரு பஸ் திரும்பிப் போக இருந்தது. அதில் ஏறிக்கொண்டோம்.

ஓட்டல் போய்ச் சேரும்போது சாயந்திரம். மழை விட்டிருந்தது. பஸ் சரியாக ஓடாததால் பார்க்கில் கூட்டம் இல்லை. வாசலில் இருந்த ஆள் எங்களுக்கு சலாம் வைத்தான். நானும் திருப்பி வைத்தேன்.

ரூமில் வெள்ளை மெத்தை, வெள்ளைத் துண்டு, மேசை மேல் கண்ணாடி ஜக்கில் தண்ணீர். சம்பந்தி தன் ரூமைச் சுற்றிப் பார்த்தார். குறை சொல்ல ஒன்றும் கிடைக்கவில்லை. நான் என் ரூமுக்குப் போய்க் கக்கூஸ் கதவைத் திறந்தேன். உள்ளே வெள்ளையாக ஒரு நாற்காலி மாதிரி இருந்தது. நடுவில் ஓட்டை, அதில் தண்ணீர். கால் வைக்க இடமே இல்லை.

என் வீட்டுக்காரி தோளுக்குப் பின்னால் நின்று பார்த்தாள்.

"இது மேல ஏறிக் குந்தணுமா, எறங்கிக் குந்தணுமா?"

"தெரியல" என்றேன்.

ராத்திரி சாப்பாட்டில் சம்பந்தி கோழிக் குழம்பை ரெண்டாவது தடவை கேட்டு வாங்கினார். அதற்குப் பிறகு சேமியா பாயசம்.

மறுநாள் தீபாவளி. கிழக்கே லேசாக வெளுக்கும்போது எழுந்துவிட்டேன். அந்த நாற்காலியில் உட்கார்ந்து பார்த்தேன். காலைத் தொங்கப் போட்டுக்கொண்டு பஸ்ஸில் போகிற மாதிரி இருந்தது. ஒன்றும் ஆகவில்லை. ஓட்டலுக்குப் பின்னால் சவுக்குத் தோப்பு இருந்ததை வரும்போதே பார்த்து வைத்திருந்தேன். எண்ணெய் கொண்டுவந்த செம்பைக் காலி செய்து தண்ணீர் பிடித்துக்கொண்டு கிளம்பினேன்.

தோப்புக்குள் எனக்கு முன்னால் ஒருவர் போய்க்கொண்டிருந்தார். வேட்டியை மடித்துக் கட்டியிருந்தார். கையில் ஓட்டல் கண்ணாடி ஜக்.

காலடியில் சருகு சத்தம் கேட்டுத் திரும்பினார். சம்பந்தி.

கொஞ்ச நேரம் ரெண்டு பேரும் கடலைப் பார்த்தோம்.

"காத்து வாங்க வந்தேன் சம்மந்தி" என்றார்.

"ஜக்கோடயா?"

அவர் ஜக்கைப் பார்த்தார். என் செம்பைப் பார்த்தார். அவர் வயிறு முதலில் குலுங்கியது, பிறகுதான் சிரிப்பு வெளியே வந்தது. நானும் சிரித்தேன். நான் அப்படிச் சிரிக்கிற ஆள் இல்லை.

"நேத்துலேர்ந்து மூணு தபா போயி குந்திட்டேன் சம்மந்தி. நாற்காலியில குந்திகினு எவனுக்கு வரும்?"

"எனக்கும் அதே கததான்."

"பொம்பளைங்களுக்குத் தெரிய வேணாம்."

"தெரியாது. நீங்க அந்தாண்ட போங்க, நான் இந்தாண்ட போறேன்."

"பூச்சி பொட்டு இருக்கும், பாத்து" என்றார். அவர் என்னிடம் அக்கறையாகச் சொன்ன முதல் வார்த்தை அது.

திரும்பி ஒன்றாகவே நடந்து வந்தோம். ரூமில் என் வீட்டுக்காரி மணை இல்லாததால் முக்காலியைப் போட்டு மாப்பிள்ளையை உட்கார வைத்திருந்தாள். காலி செய்த எண்ணெய் ஒரு கண்ணாடி டம்ளரில் இருந்தது. என்னை முறைத்தாள். செம்பு எங்கே போய் வந்தது என்று கேட்கவில்லை. சம்பந்தியம்மா பக்கத்தில் சும்மா நின்றார். தொடங்கலாமா வேண்டாமா என்று யாருக்கும் தெரியவில்லை. எல்லாரும் சம்பந்தியைப் பார்த்தார்கள்.

சம்பந்தி ஜக்கை மெதுவாக மேசை மேல் வைத்தார்.

"நடத்துங்க சம்மந்தி" என்றார். "உங்க வூடுதானே."

என் மகள் சட்டென்று முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். அவள் அம்மா மாப்பிள்ளை தலையில் எண்ணெய் வைத்தாள். காது வழியாக ஒழுகி ஓட்டல் துண்டெல்லாம் மஞ்சளானது. சீயக்காய் போட்டுக் குளித்து, புதுத்துணி உடுத்தி, அதிரசம் முறுக்கு தின்று, ஆறு பேரும் மணலில் வெடி வெடித்தோம்.

அதற்கப்புறம் ராட்டினத்துக்குப் போனோம். பனைமரத்துக்கும் மேலே போகிற ராட்டினம். ஆள் இல்லாததால் எங்களுக்காகவே சுற்றினான். சம்பந்தி என் பக்கத்தில் உட்கார்ந்தார். உச்சிக்குப் போனதும் கண்ணை மூடிக்கொண்டு என் கையைப் பிடித்தார்.

"எறக்கச் சொல்லுங்க சம்மந்தி!"

எதிர்ப் பெட்டியில் இருந்து என் வீட்டுக்காரி கத்தினாள். "வெள்ளிமலைக்கு ஜீப்பு பின்னால தொங்கிகினு போயி புளி வாங்கியாந்தவ நானு! இதுக்கே இப்டியா? கண்ணத் தெறங்க சம்மந்தி!"

திறந்தார். கடல் முழுசாகத் தெரிந்தது. கீழே வந்ததும் இன்னொரு தடவை என்றார். அதற்குப் பிறகும் ஒரு தடவை.

ஊருக்குத் திரும்பியதும் எல்லாரும் கேட்டார்கள். தலை தீபாவளி எங்கே என்று கேட்டால், கடலோரம் ஓட்டலில் என்று என் வீட்டுக்காரி டீக்கடை வரைக்கும் கேட்கிற மாதிரி சொன்னாள். யாரும் எதுவும் பேசவில்லை. பேச என்ன இருந்தது?

தைப் பொங்கலுக்கு நாங்கள் தட்டு வைத்து அழைக்கப் போவதற்குள் சம்பந்தியே வந்துவிட்டார். மகனையும் மருமகளையும் கூட்டிக்கொண்டு, தோளில் பையோடு. மூன்று நாள் தங்கினார். பின்னால் குழி அப்படியே இருந்தது. தண்ணீர் வற்றியிருந்தது. தவளை போய்விட்டது. அதை எட்டிப் பார்த்துவிட்டு, வெயில் காலத்தில் ரெண்டு பேரும் சேர்ந்தே முடித்துவிடலாம், ஆனால் நாற்காலி மட்டும் வேண்டாம் என்றார்.

காலையில் செம்பை எடுத்துக்கொண்டு கரும்புக் கொல்லைப் பக்கம் நடந்தார். என் வீட்டுக்காரி வாசலில் கோலம் போட்டுக்கொண்டிருந்தாள்.

"எங்க சம்மந்தி கெளம்பிட்டீங்க?"

"காத்து வாங்க" என்றார்.

அவள் குனிந்தபடியே சிரித்தாள். அவளுக்கு யார் சொன்னது என்று எனக்குத் தெரியாது. நான் சொல்லவில்லை.