குரங்குக்கும் சேர்த்து ஒரு கொட்டேஷன்

பென்னாகரத்தில் இருந்து ஒகேனக்கல் போகும் சாலையோரம் எங்கள் வீடு. ஓடு ஒழுகியதால் ஷீட் போட முடிவு செய்து, மூன்று வெல்டிங் பட்டறைகளில் கொட்டேஷன் வாங்கினோம்.

படித்ததும் தலை சுற்றியது. ஒருவர் சதுர அடிக் கணக்கு. இன்னொருவர் இரும்புக்குக் கிலோ கணக்கு, ஷீட்டுக்குத் தனி. மூன்றாமவர் மொத்தமாக ஒரே தொகை, அதுதான் அதிகம். போதாததற்கு, ஷீட்டுக்குப் பக்கத்தில் 0.35, 0.40, 0.50 என்று ஆளுக்கொரு எண். ஏதோ மாடல் நம்பர் என்று நினைத்துக்கொண்டேன்.

"எல்லாம் அதே நீலக் கலர் ஷீட்டுதானே? கம்மியா சொன்னவருக்கே குடுத்துடலாம்" என்றார் என் கணவர்.

அட்வான்ஸ் கொடுக்கக் கிளம்பும்போது, அதிக விலை சொன்னவர் போன் செய்தார். வேறு ஆளைப் பார்த்துவிட்டதைத் தயங்கியபடி சொன்னேன்.

"பரவால்லைங்க. ஆனா அளக்க வந்தப்ப உங்க புளியமரத்துல ஏழெட்டு குரங்கு பார்த்தனுங்க. அதுங்க வூட்டு மேல குதிக்குங்களா?"

"தினமும் குதிக்குதுங்க. ஓடு உடைஞ்சதே அதனாலதான்."

"அப்ப ஷீட் எத்தனை தடிமன்னு அவருகிட்ட கேளுங்க. மெலிசா இருந்தா நசுங்கி, ஸ்குரூ போட்ட எடத்துல தண்ணி எறங்குமுங்க."

அப்போதுதான் அந்த எண் தடிமன் என்று புரிந்தது. நாங்கள் பணம் கொடுக்க இருந்தவருடையது 0.35. அவரைக் கூப்பிட்டு, குரங்கு குதித்தால் அது தாங்குமா என்று கேட்டேன்.

"குரங்கா? நீங்க சொல்லவே இல்லீங்களேம்மா" என்றார்.

உண்மைதான். ரேட்டை மட்டும்தான் கேட்டிருந்தேன். அதிக விலை சொன்னவர் போட்டிருந்த 0.50-க்கே மூவரிடமும் மொத்தத் தொகையாக மறுபடி எழுதி வாங்கினால், மூன்று தொகையும் கிட்டத்தட்ட ஒன்றாக இருந்தது!

இப்போதெல்லாம் எந்த வேலைக்கும் விலை கேட்கும் முன்பே, "எங்க வூட்டுக்குக் குரங்கு வருங்க" என்று சொல்லிவிடுகிறேன். போர் மோட்டார் மாட்ட வந்தவர்தான், பாவம், குழம்பிப் போனார்.