கோலா லூப்பிலிருந்து வந்தவர்

எங்கள் நாட்டில் 'கோலா' என்று தொடங்கும் ஊர்களுக்குப் பஞ்சமே இல்லை. ஆறு கடலில் சேருகிற இடமென்றாலும் சரி, ஓர் ஆறு இன்னோர் ஆற்றோடு கூடுகிற இடமென்றாலும் சரி, மலாய்க்காரர்கள் அதற்குக் கோலா என்று பெயர் வைத்துவிடுவார்கள். நாங்கள் இருந்தது கோலா சிலாங்கூருக்குப் பக்கத்தில் ஒரு செம்பனைத் தோட்டம். மலைப்பக்கம் போனால் கோலா குபு. தலைநகரே ஒரு கோலாதான். ஆகவே, எனக்குப் பத்து வயதிருக்கும்போது ஒருவர் என் எதிரே உட்கார்ந்து, நெஞ்சில் கை வைத்து, "குவாத்லூப்" என்று சொன்னதை நான் கோலா லூப் என்று கேட்டுக்கொண்டதில் என்மேல் ஒரு குற்றமும் இல்லை. பத்தாங் காலியில் பஸ் மாறினால் போய்விடலாம் என்று நானாகவே முடிவும் செய்துகொண்டேன். அந்த வருடப் பள்ளி விடுமுறை முழுக்க, தோட்டத்து முச்சந்தியில் பஸ் வந்து நிற்கும்போதெல்லாம் ஓடிப்போய் யார் இறங்குகிறார்கள் என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

அவரை அழைத்து வந்தது சித்தப்பா. அப்பாவின் தம்பியான அவரிடம் ஒரு வேன் இருந்தது. கோலாலம்பூர் ஹோட்டல்களில் தங்கும் வெளிநாட்டுக்காரர்களை ஏற்றிக்கொண்டு எங்கள் ஆற்றுக்கு மின்மினிப்பூச்சி காட்ட வருவார். இருட்டிய பிறகுதான் படகு விடுவார்கள். அதுவரை பொழுதைப் போக்க அவர்களை மலாவத்தி மலைக்குக் கூட்டிப்போய்க் குரங்குகளைக் காட்டுவது அவர் வழக்கம். அன்றைக்கு வந்தது ஒரே ஒருவர்தான். அவர் குரங்கைப் பார்க்கவில்லை. சித்தப்பாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "யூ தமில்?" என்று கேட்டாராம். ஆமாம் என்றதும் நடுரோட்டில் நின்று கைகூப்பி அழுதுவிட்டாராம். அழுகிற சுற்றுலாப் பயணியை என்ன செய்வதென்று சித்தப்பாவுக்குத் தெரியவில்லை. தலைக்கு மேல் போகிற எதையும் அக்காவிடம் கொண்டுவந்து இறக்கிவிட்டுத்தான் அவருக்குப் பழக்கம்.

அந்த அக்கா எனக்கு அத்தை. நான் பாலர் பள்ளியில் படிக்கும்போது காய்ச்சலென்று ஆஸ்பத்திரிக்குப் போன அம்மா திரும்பவில்லை. அதிலிருந்து அத்தைதான் எங்கள் வீட்டை நடத்தினார். வேனிலிருந்து இறங்கியவரைப் பார்த்ததும் அவர் முதலில் கவனித்தது தலையைத்தான்.

"ஏன்டா, கைலித் துணிய தலையில கட்டிக்கிட்டு வந்திருக்கு இந்தப் பொண்ணு?"

கட்டம் போட்ட துணிதான். சிவப்பும் மஞ்சளும் பச்சையுமாக, அப்பா வீட்டில் கட்டியிருக்கும் கைலிக்கு அக்காதங்கை என்று சொல்லலாம். அவர்கள் ஊரில் அதற்குப் பெயரே மதராஸாம். பெண்கள் விசேஷத்துக்கு அதைத்தான் உடுத்துவார்களாம். துணியைத் தவிர்த்துப் பார்த்தால் அவர் எங்கள் ஆள்தான். அதே நிறம், அதே மூக்கு, சிரித்தால் அதே பல் வரிசை. அதனால் அத்தை அவரோடு தமிழிலேயே பேசிக்கொண்டு போனார். புரியவில்லை என்று தெரிந்தபோது மெதுவாகப் பேசினார். அதுவும் புரியாதபோது சத்தமாகப் பேசினார். கடைசியில்தான் சித்தப்பாவைத் திரும்பிப் பார்த்தார்.

"தமிழ் தெரியாதுக்கா. ஃபிரெஞ்சுதான். இங்கிலீஸ் என்னை மாதிரி, அர கொற," என்றார் சித்தப்பா. "அந்தக் காலத்துல ஃபிரெஞ்சுக்காரன் அங்க கரும்பு வெட்ட பாண்டிச்சேரி, காரைக்கால் பக்கமிருந்து ஆள் ஏத்திட்டுப் போயிருக்கான். நம்ம கப்பல் இந்தப் பக்கம் திரும்பிச்சு, அவங்க கப்பல் அந்தப் பக்கம் திரும்பிருச்சு. அவ்ளோதான்லா."

சாப்பாட்டு நேரத்துக்கு அப்பாவும் வந்துவிட்டார். பனங்குலை ஏற்றும் டிராக்டர் ஓட்டுகிறவர், கையில் கிரீஸ் கறையோடு வாசலிலேயே தயங்கி நின்றார். அத்தை அன்று பாகற்காய் பொரித்திருந்தார். அதைப் பார்த்ததும் வந்தவர், "பாறோக்கா!" என்று கூவினார். குழம்பைத் தொட்டு நக்கிவிட்டு, "கொலொம்போ," என்றார். பீர்க்கங்காய் அவர்கள் ஊரில் பிக்கெங்கா. மத்தளம், மத்தலோன். தப்பு மேளம், அங்கேயும் தப்புதான். மாரியம்மன்கூட அங்கே இருக்கிறாளாம், மாலியேமென் என்று. அவளுக்குக் கிடா வெட்டுகிறார்களாம். ஒவ்வொன்றையும் அவர் சொல்லச் சொல்ல, அத்தை பள்ளிக்கூட வாத்தியார் மாதிரி தலையை ஆட்டிக்கொண்டே வந்தார்.

"காய்கறி பேரெல்லாம் சரியாத்தான் சொல்லுது. பேச்ச மட்டும் எங்க தொலைச்சிச்சுங்க?" என்று கேட்டார். சித்தப்பா அதை மொழிபெயர்க்கவில்லை.

அவரிடம் இன்னொரு சொல்லும் இருந்தது. அதற்காகத்தான் அவர் சித்தப்பாவின் பின்னால் வந்ததே. அது காய்கறியும் இல்லை, சாமியும் இல்லை. அவர்கள் வீட்டில் யார் வாசலைத் தாண்டினாலும் நிலைக்கட்டையில் கை வைத்துச் சொல்லும் சொல். அவருடைய அப்பா சொல்லியிருக்கிறார், அப்பாவுடைய அப்பா சொல்லியிருக்கிறார். அர்த்தம் ஒருவருக்கும் தெரியாது. அவர் சிறுமியாக இருந்தபோது அவர்கள் தீவிலுள்ள மலை புகைந்து, சாம்பல் கொட்டி, மலையடிவாரத்தில் இருந்த எல்லோரையும் வெளியேற்றியிருக்கிறார்கள். அப்போதும் அவருடைய அப்பா நிலையைத் தொட்டு அதைச் சொல்லிவிட்டுத்தான் படியிறங்கினாராம். பல மாதம் கழித்து வந்து பார்த்தால் வீடு அப்படியே இருந்ததாம். அதிலிருந்து அது அவருக்கு மந்திரம். அந்த அப்பா இப்போது இல்லை. கோயிலில் தமிழ்ப்பாட்டுப் பாடுகிற பூசாரியிடம் கேட்டிருக்கிறார். தான் பாடுவதற்கே அந்தப் பூசாரிக்கு அர்த்தம் தெரியவில்லை. மறுநாள் காலை விமானம். அதற்குள் யாராவது சொல்ல வேண்டும்.

"பொத்துவஹேன்," என்றார், கண்ணை மூடிக்கொண்டு.

நாங்கள் எல்லோரும் சாப்பிடுவதை நிறுத்திவிட்டோம்.

"பொத்துவில்னு சிலோன்ல ஒரு ஊர் இருக்குலா," என்றார் சித்தப்பா.

"கொலதெய்வம் பேரா இருக்கும்," என்றார் அப்பா.

"பொத்தி வச்சேன்னு சொல்லுதோ?" என்றார் அத்தை.

புட்டு வேண்டும் என்று கேட்கிறார் என்பது என் கருத்து. யாரும் அதைப் பொருட்படுத்தவில்லை. அவர் மறுபடி மறுபடி சொல்லிக் காட்டினார். வேகமாகச் சொன்னார், இழுத்துச் சொன்னார். ஒவ்வொரு முறையும் எங்கள் நாலு முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். அப்பா அவர் கண்ணைப் பார்க்க மாட்டாமல் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு எழுந்து டிராக்டருக்குப் போய்விட்டார்.

அதற்குப் பிறகு வந்தவர் என்னைத்தான் பிடித்துக்கொண்டார். பையிலிருந்து இன்னொரு மதராஸ் துணியை எடுத்து என் தலையில் கட்டிவிட்டார். மடித்து, முறுக்கி, முன்பக்கம் ஒரு முனையை மட்டும் நிமிர்த்தி நிறுத்தினார். அந்த முனைக்கெல்லாம் அவர்கள் ஊரில் கணக்குண்டு என்று சித்தப்பா கேட்டுச் சொன்னார். ஒரு முனை என்றால் மனசு காலியாக இருக்கிறது. இரண்டென்றால் யாருக்கோ கொடுத்தாகிவிட்டது. மூன்றென்றால் கல்யாணமாகிவிட்டது. நான் உடனே அவர் தலையைப் பார்த்தேன். ஒன்று. சமையலறைக்கு ஓடி, "அத்தை, ஆண்டிக்கு ஒரு முனைதான்," என்று காதில் சொன்னேன். அத்தை என் தலையில் ஒரு குட்டு வைத்தாலும், திரும்பிக்கொண்டு சிரித்ததை நான் பார்த்துவிட்டேன்.

எனக்கு அவர் வேண்டும் என்று இருந்தது. இதைச் சுற்றி வளைத்துச் சொல்வதில் பயனில்லை. அவர் கை என் தலைமுடிக்குள் இருந்த நேரமெல்லாம், இது முடியக்கூடாது என்று மூச்சை அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கோலா லூப்பைப் பற்றி அவர் சொன்னதையெல்லாம் சித்தப்பா வழியாகக் கேட்டுக்கொண்டேன். அங்கே கடற்கரையில் ஒரு மரம் உண்டு. மழையில் அதன் கீழே ஒதுங்கினால் உடம்பு வெந்துவிடும், அதனால் சிவப்புச் சாயம் பூசி வைத்திருப்பார்கள். மின்மினிகூட உண்டு, ஆனால் எங்கள் ஆற்றங்கரைப் பெரெம்பாங் மரங்களில் போல மொத்தமாக விட்டுவிட்டு எரியாது. ஒன்றே ஒன்று தனியாகப் பறந்து போகுமாம். கோலா குபு பக்கம் புகைகிற மலையும் சுடுகிற மரமும் இருப்பதை ஏன் எங்கள் ஆசிரியை சொல்லித்தரவில்லை என்று யோசித்தேன்.

அப்போதுதான் அவர் ஜன்னல் வழியே கொல்லையில் இருந்த சுக்குன் மரத்தைப் பார்த்தார். பெரிய பெரிய இலையும், பலாவுக்குத் தம்பி மாதிரி காயும். அவர்கள் ஊரில் அது சோறாம். "ஃபுயாபென்! ஃபுயாபென்!" என்று எழுந்தவர் என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு பின்வாசலுக்கு ஓடினார். அங்கே நின்று நிலையில் கை வைத்தார். பழக்கத்தில் வாய் தானாகச் சொன்னது.

"பொத்துவஹேன்."

அத்தை எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு குவாலிச் சட்டியைத் தேய்த்துக்கொண்டிருந்தார். திரும்பாமலேயே, "ம்ம், போயிட்டு வா," என்றார்.

சொன்னவர் கையை நிறுத்தினார். குழாயை மூடினார். திரும்பி அந்தப் பெண்ணைப் பார்த்தார்.

"டேய், இங்க வாடா! போயிட்டு வர்றேங்குதுடா இது! போயிட்டு வர்றேன்!"

எங்கள் வீடுகளில் யாரும் போகிறேன் என்று சொல்லமாட்டோம். கடைக்கு உப்பு வாங்கப் போனாலும் போய்விட்டு வருகிறேன்தான். தினமும் வாயில் வருவதால் அது காதில் விழுவதில்லை. அத்தை அழுதுகொண்டே சிரித்தார். ஈரக்கையால் அவர் கன்னத்தை வழித்துத் திருஷ்டி முறித்தார். அவரும் சிரித்தார், என்ன என்ன என்று சித்தப்பாவைப் பார்த்தார்.

"ஐ கோ, ஐ கம் பேக்," என்றார் சித்தப்பா. "தட்ஸ் ஆல், மேடம்."

"ஹூ கம் பேக்?"

"யூ லா. தி பெர்சன் கோயிங்."

இன்னொரு முறை சொல்லச் சொன்னார். சித்தப்பா சொன்னார். அவர் சமையலறை முக்காலியில் உட்கார்ந்துவிட்டார். "நோபடி கேம் பேக்," என்றார்.

"என்னவாம்?" என்று அத்தை கேட்டார்.

"களைப்பா இருக்காம்," என்றார் சித்தப்பா.

எனக்குப் பள்ளியில் ஆங்கிலம் நன்றாக வரும். யாரும் திரும்பவில்லை என்றுதான் அவர் சொன்னார். அவர் ஊர்க்காரர்கள் எதற்கோ போய் பஸ்ஸைத் தவறவிட்டார்கள் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். இப்போது ரவாங்கில் ஓர் அலுவலகத்தில் வேலை செய்கிறேன். மதிய இடைவேளையில் சிலநாள் கைப்பேசியில் குவாத்லூப் என்ற அந்தத் தீவைத் தேடிப் பார்ப்பேன். வண்ணத்துப்பூச்சி இறக்கையை விரித்த மாதிரி, ஒரு பக்கம் மலையும் காடும், இன்னொரு பக்கம் தட்டையாகக் கரும்பும். சுற்றிலும் நீலத்தைத் தவிர ஒன்றுமில்லை. அவருடைய முன்னோரில் யார் எந்த வாசலில் நின்று, யாரிடம் அதைச் சொல்லிவிட்டு அத்தனை தண்ணீரைத் தாண்டினார் என்று அவருக்கும் தெரிந்திருக்காது.

சுக்குன் மரத்தைப் பார்க்க நாங்கள் போகவில்லை. அவர் முக்காலியிலேயே உட்கார்ந்திருந்தார். அத்தை தேநீர் போட்டுக் கொடுத்தார். ஐந்து மணிக்கு மேல் அப்பா வந்தார். வெயில் இறங்கியதும் சித்தப்பா வேன் கதவைத் திறந்தார். அத்தை ஒரு பொட்டலம் மஞ்சளும் மிளகாய்த் தூளும் கட்டிக் கொடுத்தார். அவர் அத்தையை அணைத்துக்கொண்டார். அப்பாவைப் பார்த்துக் கைகூப்பினார். என் முகத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தார்.

நான் காத்திருந்தேன். மத்தியானம் முழுக்க, அர்த்தம் தெரியாதபோது, பாத்ரூமுக்குப் போனால்கூடச் சொன்னவர். இப்போது அர்த்தமும் தெரிந்துவிட்டது, சொல்ல வேண்டிய நேரமும் வந்துவிட்டது. ஆனால் அவர் சொல்லாமலே வேனில் ஏறினார்.

"ஆண்டி, சொல்லுங்க!" என்று ஜன்னலைப் பிடித்துக்கொண்டு கத்தினேன். "போயிட்டு வர்றேன்னு சொல்லுங்க! தீபாவளிக்கு வாங்க! சொல்லுங்க ஆண்டி!"

"புள்ள ஆசைப்படுது. ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போம்மா," என்று அத்தையும் சொன்னார். சித்தப்பா அதை ஆங்கிலத்தில் சொன்னார். அவர் என் விரல்களை ஜன்னலிலிருந்து மெல்ல எடுத்துவிட்டார். என்னைப் பார்த்து இல்லை என்று தலையசைத்தார். வேன் கிளம்பி, பனைமரங்களுக்கு நடுவே செம்மண் தடத்தில் போய்விட்டது.

நான் தரையில் உட்கார்ந்து அழுதேன். தலைத்துணியைப் பிய்த்து எறியப் போனேன். அப்பா வந்து என் கையைப் பிடித்துத் தடுத்து, என் பக்கத்திலேயே மண்ணில் உட்கார்ந்தார்.

"விடு பாப்பா," என்றார். "சொல்லிட்டுப் போனவங்கெல்லாம் வந்துட்டாங்களா? இவங்க சொல்லாமப் போறாங்க. நல்லவங்க."

சொல்லிவிட்டு எங்கள் வீட்டு வாசல் நிலையையே பார்த்துக்கொண்டிருந்தார். யாரை நினைத்துக் கவலைப்படுகிறார் என்று எனக்குப் புரியவில்லை. சித்தப்பாவைத்தான் சொல்கிறார் என்று எண்ணி, படகு முடிந்ததும் அவர் எப்படியும் வந்துவிடுவார் என்று அப்பாவுக்கு ஆறுதல் சொன்னேன்.